நம்ம ரோடு முதலில் வர வேண்டுமா?

"தம்பி, நீதான் உள்ள இருக்கியே. நம்ம கோயில் ரோட்ட கொஞ்சம் மேல ஏத்தி விடு."

போன வருடம் எங்கள் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அங்கிள் ஒருவர் எனக்குப் போன் செய்து கேட்டது இது. அப்போது நான் ஒரு நகராண்மைக் கழகத்தின் பொறியியல் பிரிவில் பன்னிரண்டு வாரத் தொழில் பயிற்சியில் இருந்தேன். சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பயிற்சிக்குப் போன மாணவனுக்கு என்ன பெரிய அதிகாரம் இருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் என் மேசையில் ஒரு பட்டியல் இருந்தது. சாலைச் சீரமைப்புக்காக மாநில அரசிடம் நிதி கேட்டு அனுப்ப வேண்டிய பட்டியல். மொத்தம் பத்தொன்பது சாலைகள். எங்கள் கோயில் ரோடு பதினொன்றாவது. முந்தைய வருடம் கிடைத்த பணம் ஏழாவது சாலையோடு தீர்ந்துபோனதாம்.

அங்கிளுக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. "பார்க்கிறேன் அங்கிள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நம்மில் பலர் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் வார்த்தை அது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம்ம ஆளுக்கு நாம் உதவி செய்வது தர்மமா, தப்பா? இந்தக் கட்டுரை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த பதில்தான். கொஞ்சம் நீளமான பதில்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குப் போகும் வரை எனக்கே தெரியாது. நாம் வீட்டுக்குக் கட்டும் மதிப்பீட்டு வரியில்தான் ரோடு முழுவதும் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த வரிப் பணத்தில் குப்பை அள்ள வேண்டும், வடிகால் சுத்தம் செய்ய வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். ரோட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் ஊராட்சி மன்றங்கள் மேலே கையேந்துகின்றன. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவிலேயே மாநிலங்களுக்குச் சாலை மானியம் உண்டு என்று எழுதியிருக்கிறது. எப்படிக் கணக்குப் போடுவது என்பது பத்தாவது அட்டவணையில் இருக்கிறது. ஒரு மைல் மாநிலச் சாலையைக் குறைந்தபட்சத் தரத்தில் பராமரிக்கச் சராசரியாக எவ்வளவு செலவாகுமோ, அதைத் தகுதி பெற்ற சாலைகளின் மைல் கணக்கால் பெருக்க வேண்டும். இன்று அந்தப் பதிவேட்டை 'மாரிஸ்' என்று அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். பணம் கூட்டரசிடமிருந்து மாநிலத்துக்கு வருகிறது, மாநிலம் வழியாக ஊராட்சி மன்றங்களுக்கு வருகிறது.

"கையேந்துகின்றன" என்று மேலே எழுதினேன். அந்த வார்த்தை சரியா என்று பிறகு யோசித்தேன்.

திருக்குறளில் 'இரவு' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. யாரிடம், எப்படிக் கேட்கலாம் என்று அது பேசுகிறது. அடுத்த அதிகாரமே 'இரவச்சம்'. கேட்பதற்கு அஞ்ச வேண்டும் என்கிறது. பள்ளியில் படிக்கும்போது, என்னடா இது, வள்ளுவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாரே என்று தோன்றியது. இப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது. மனிதனுக்குக் கேட்க வேண்டிய நிலை வரும். ஆனால் கேட்கும்போது அவன் எதை இழக்கிறான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் ஒரு நகராண்மைக் கழகம் மாநிலத்திடம் கேட்பது பிச்சையா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது நம் எல்லாருடைய பணம். சாலை மானியம் கொடுக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. மந்திரி பெசாரோ சட்டமன்ற உறுப்பினரோ சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. அதனால் ரோடு போட்டவுடன் நன்றிப் பேனர் கட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நம்முடையதை நாம் கேட்கிறோம், அவ்வளவுதான்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பிச்சை என்றால் கொடுப்பவர் விருப்பம். பிடித்தவருக்குக் கொடுக்கலாம், தெரிந்தவருக்குக் கொடுக்கலாம், முகத்தைப் பார்த்துக் கொடுக்கலாம். யாரும் கேள்வி கேட்க முடியாது. உரிமை என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைத்தாக வேண்டும். அங்கிள் என்னிடம் கேட்டது என்ன? உரிமையாக வர வேண்டிய ரோட்டை, தெரிந்த பையன் வழியாகப் பிச்சையாக வாங்கித் தரச் சொன்னார். அவர் அப்படி நினைத்துக் கேட்கவில்லை. ஊர் நல்லதுக்குத்தான் கேட்டார். ஆனால் கணக்கு அங்கேதான் போய் முடிகிறது.

சரி, அந்த அளவுகோல் எப்படி இருந்தது? மூன்று விஷயங்களுக்குப் புள்ளி போடுவார்கள். சாலை எவ்வளவு கெட்டிருக்கிறது, எத்தனை வாகனம் போகிறது, எத்தனை புகார் வந்திருக்கிறது. எனக்குக் கொடுத்த வேலை வாகனம் எண்ணுவது. நிழல் இருக்கும் இடமாகப் பார்த்துப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் கவுண்டரை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோயில் ரோட்டில் எந்த நாள் எண்ணுவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான்தான் முடிவு செய்யணும். புதன்கிழமை எண்ணினால் பகலெல்லாம் கொட்டாவி விட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மாலை எண்ணினால், மூன்று மணி நேரத்தில் புதன்கிழமை முழு நாளையும் தாண்டிவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதிலிருந்து போகிற கோயிலாச்சே. வெள்ளிக்கிழமை எண்ணியிருந்தால் நான் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு காரும் உண்மையான கார், ஒவ்வொரு மோட்டாரும் உண்மையான மோட்டார். பொய் எண்ணில் இருக்காது, நாளில் இருக்கும். யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. பதினொன்றாவது சாலை ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ ஆகியிருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன். பிறகு என் மேற்பார்வையாளரிடம் பொதுவாகக் கேட்பது மாதிரி கேட்டேன். "புவான், எந்தக் கிழமை எண்ணினால் சரி?" அவர் மலாயில் சொன்னதன் சாரம் இதுதான்: எண்ணுவதற்கு முன்னால் கிழமையை முடிவு செய், எல்லா ரோட்டுக்கும் அதே கிழமை, முடிவு செய்த பிறகு மாற்றாதே. சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஏன் கேட்டேன் என்று அவருக்குத் தெரிந்ததா, தெரியல. அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. திருக்குறளில் 'நடுவு நிலைமை' பன்னிரண்டாவது அதிகாரம் என்று மனப்பாடமாகத் தெரியும். பேச்சுப் போட்டியில் அதை வைத்துப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ஆனால் அது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், புதன்கிழமையா வெள்ளிக்கிழமையா என்ற கேள்வியாக வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

புதன்கிழமைகளில்தான் எண்ணினேன். எங்கள் ரோடு பதினொன்றாவதாகவே இருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நல்ல பையன் என்று நீங்கள் பாராட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம். முடியவில்லை.

ஒரு நாள் அலுவலகத் தொழில்நுட்பர் அபாங்கோடு வேறொரு சாலையை அளக்கப் போனேன். போகிற வழியில் பழைய தோட்டத்து லோரோங் ஒன்று. முன்பு லயங்கள் இருந்த இடம். தோட்டம் கைமாறிய பிறகு இப்போது பதினேழு வீடுகள் மிச்சம். அந்தப் பாதையை ரோடு என்று சொன்னால் ரோட்டுக்கே கோபம் வரும். தார் அங்கங்கே தீவு மாதிரி இருந்தது, நடுவில் எல்லாம் மஞ்சள் தண்ணீர். முச்சந்தியில் ஒரு வேன் நின்றிருந்தது. டயாலிசிஸ் மையத்து வேன். அது உள்ளே வராதாம், ஒரு தடவை அச்சு உடைந்துபோச்சாம். பேரன் மோட்டாரில் பாட்டியைக் கொண்டுவந்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

பாட்டி என்னிடம் சொன்னார்: "போறப்ப பரவால்லப்பா. திரும்பி வரும்போதுதான் தல சுத்தும். மோட்டார்ல பின்னால ஒக்காரவே பயமா இருக்கு. வாரத்துக்கு மூணு தடவ."

நான் அபாங்கிடம் கேட்டேன், இது பட்டியலில் எத்தனையாவது? அவர் தலையை ஆட்டினார். பட்டியலிலேயே இல்லை. பத்தொன்பதில் கடைசியாகக்கூட இல்லை.

காரணம் கேட்டால், அது யாருடைய வஞ்சகமும் இல்லை. அந்தப் பாதை இன்னும் தோட்டத்து நிலம். நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைக்கப்படவே இல்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் பொதுச் சாலையையும் தனியார் சாலையையும் பிரித்துப் பார்க்கிறது. தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைக் கொட்டக் கூடாது என்பது நியாயமான விதிதான். இல்லாவிட்டால் பெரிய கம்பெனிகள் எல்லாம் தங்கள் வளாகத்துக்குள் நம் காசில் ரோடு போட்டுக்கொள்ளும். பொதுச் சாலையாக ஏற்கப்படாதது மாரிஸ் பதிவில் வராது. பதிவில் வராத சாலைக்கு மானியத்தில் கணக்கே கிடையாது. அங்கிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை. கோயில் பக்கத்துத் தாமானில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, படம் பிடித்து மலாயில் அழகாக மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். லோரோங்கில் இருப்பவர்கள் குழியைச் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். புகார் பூஜ்யம் என்றால் குழி பூஜ்யம் என்று கணினி நினைத்துக்கொள்கிறது.

இன்னொன்று. அந்தப் பாதையை உடைத்தது யார்? பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய சோதனையைப் பற்றிப் படித்தோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊர்ப் பக்கம், 1958 முதல் 1960 வரை, சோதனைச் சாலைகள் போட்டு அவற்றின்மேல் லோரிகளை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் நாலாம் அடுக்கு விதி. அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. பத்து மடங்கானால் பத்தாயிரம் மடங்கு. அந்த லோரோங்கில் செம்பனைப் பழ லோரிகள் குறுக்கு வழியாகப் போகின்றன. பேரனின் மோட்டார் அந்த ரோட்டுக்குச் செய்யும் சேதம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆனால் குழியில் விழப்போவது மோட்டார்தான். நம் நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டாரில் போகிறவர்கள். உடைப்பவர் ஒருவர், விழுபவர் இன்னொருவர். எங்கள் பட்டியலில் இதற்குப் புள்ளி இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நான் புதன்கிழமை எண்ணியதை நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அளவுகோலைச் சரியாகப் பிடித்தேன், அது சரி. ஆனால் அளவுகோல் எட்டாத இடத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். நடுநிலை என்பது இருக்கிற பட்டியலில் ஏமாற்றாமல் இருப்பது மட்டும்தானா? பட்டியலில் வராமல் போனது யார் என்று தேடிப் பார்ப்பதும் அதில் சேர வேண்டாமா?

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கொஞ்சம் சூடாகவே பேசினேன். ரொம்ப மோசமான சாலையை முதலில் செய்ய வேண்டியதுதானே? அவர் எனக்கு ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். சாலை முதலில் மெதுவாகக் கெடும், ஒரு கட்டத்துக்குப் பிறகு மளமளவென்று விழும். விரிசல் விடும்போதே அடைத்தால் செலவு கம்மி. விட்டுவிட்டால் மழைத்தண்ணீர் அடியில் இறங்கி, அடித்தளத்தையே தோண்டிப் போட வேண்டிவரும். மோசமானதை மட்டுமே துரத்திக்கொண்டு போனால், பணம் முழுவதும் ஒன்றிரண்டு சாலையில் போய்விடும், நல்ல சாலைகள் எல்லாம் வரிசையாகக் கெடும். அவர் சொன்னதில் தப்பில்லை. பாடத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனாலும், ஏற்கெனவே கெட்டுப்போன ரோட்டில் இருப்பவரிடம் போய், "உங்க ரோடு ரொம்ப கெட்டுப்போச்சு, அதனால நீங்க காத்திருங்க" என்று எந்த முகத்தோடு சொல்வது? இதற்கு எனக்கு இன்றுவரை முழுப் பதில் கிடைக்கவில்லை. ஒரு பங்குப் பணத்தையாவது, வேறு வழியே இல்லாத பாதைகளுக்கு என்று தனியாக ஒதுக்கி வைக்கலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு பங்கு என்று கேட்டால், அது தனி விவாதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கிளை நேரில் பார்த்தேன். எண்ணிய கதையைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"எல்லாரும் அவனவன் ஆளுக்குச் செய்யறான் தம்பி. நீ மட்டும் அரிச்சந்திரனா? நம்ம ஆளுங்க உள்ள போறதே அபூர்வம். போனவனும் இப்படி இருந்தா நாம என்னைக்கு முன்னேறுறது?"

இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. அவர் வயதில் அவர் எத்தனை கவுண்டர் முன்னால் நின்றிருப்பார், எத்தனை தடவை திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். நான் எதிர்த்துப் பேசவில்லை. மெதுவாக ஒன்று மட்டும் கேட்டேன். "அங்கிள், உள்ள ஆள் இருந்தாத்தான் வேலை நடக்கும்னா, உள்ள நிறைய ஆள் வச்சிருக்கறவங்கதான ஜெயிப்பாங்க? நம்மகிட்ட எத்தன பேர் இருக்கோம்?"

அவர் பதில் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். சிபாரிசு ஆட்டத்தில் நாம் ஒரு ரோட்டை ஜெயித்தால் ஒன்பது ரோட்டைத் தோற்போம். எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு விதிதான் பாதுகாப்பு. அதை நாமே ஒரு நாள் வளைத்துவிட்டு, மறுநாள் அடுத்தவன் வளைக்கும்போது "அநியாயம்" என்று கத்த முடியாது. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இல்லாமலே போனது. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது, நாம் ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. அதனால் நமக்கு இருக்கிற வாய், முறையாக எழுதிக் கேட்பதுதான். எழுதத் தெரிந்தவர்கள் எழுதத் தெரியாதவர்களுக்காகவும் எழுத வேண்டும்.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. கோயில் ரோட்டில் குழி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று போய்ப் பார்த்தேன். ஓரத்து வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் ரோட்டில் நின்றது. தாருக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி, நம் ஊர் மழைக்குச் சொல்லவே வேண்டாம். எங்கள் மன்றத்துப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் போட்டு வடிகாலைத் தூர்வாரினோம். இப்போது தண்ணீர் நிற்பதில்லை. பழைய குழி அப்படியே இருக்கிறது, ஆனால் புதிதாக வரவில்லை. லோரோங்குக்காக, பதினேழு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு, அந்த நிலத்தைச் சாலையாக ஒப்படைக்க வழி கேட்டு நில அலுவலகத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் மகஜர் கொடுத்தோம். பதிவானால் மாநிலத்தின் சாலை நீளம் கூடும், மானியக் கணக்கும் கூடும் என்பதையும் அதில் எழுதினேன். இதுவரை வந்திருப்பது ஒரு கோப்பு எண் மட்டும்தான். பாட்டி இன்னும் மோட்டாரில்தான் முச்சந்திக்கு வருகிறார்.

மகஜரில் மலாய் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தது யார் தெரியுமா? அந்த அங்கிள்தான். என்னிடம் அதிகம் பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு இடத்தில் திருத்திவிட்டு, "கோயில் லெட்டர்ஹெட்ல ஒரு ஆதரவுக் கடிதமும் சேத்து வை" என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டு முன்னால் இருக்கும் சாலை யாருடையது என்று தெரியுமா? கூட்டரசுடையதா, மாநிலத்துடையதா, ஊராட்சி மன்றத்துடையதா, இல்லை இன்னும் யாரோ ஒரு கம்பெனியின் நிலமா? ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். குழி இருந்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, எழுதிப் போடுங்கள். அப்படியே இரண்டு தெரு தள்ளிப் போய், எழுதாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் பாருங்கள். நம்ம ரோடு வர வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை, தைரியமாகக் கேளுங்கள். முதலில் வர வேண்டுமா என்பதைப் புதன்கிழமை எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.